கூட இருப்பவனுக்குக் குரங்கம்மை, எனக்கும் தொற்றியிருக்குமா?

சாளரம்:

வணக்கம். பதற்றத்தில் எழுதுகிறேன், கோர்வையாக இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் நண்பன் ஒருவனும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். படுக்கையறை தனித்தனி, ஆனால் குளியலறை ஒன்றுதான், கூடத்தில் கிடக்கும் துணி சோபாவும் பொது. போன வாரம் அவனுக்குக் காய்ச்சல், தலைவலி, முதுகு வலி, அப்புறம் தொடையிடுக்கில் நெறி கட்டிக்கொண்டது. ஃப்ளூவாக இருக்கும் என்று மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தான். பிறகு முகத்தில் இரண்டு மூன்று, உள்ளங்கையில் ஒன்று, இடுப்புக்குக் கீழே சில என்று கொப்புளங்கள் வர ஆரம்பித்தன. சின்னம்மை என்று நினைத்து டாக்டரிடம் போனால், அவர் கொப்புளத்தைத் தேய்த்து மாதிரி எடுத்து அனுப்பினார். இன்று ரிப்போர்ட் வந்துவிட்டது, எம்பாக்ஸ். அதாவது குரங்கம்மை.

இப்போது அவன் அவனுடைய அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறான், நான் என் அறையில் இருந்து இதை எழுதுகிறேன். அவனுக்குக் காய்ச்சல் அடித்த நாட்களில் நெற்றியைத் தொட்டுப் பார்த்தது நான்தான், கை துடைக்கிற துண்டும் ஒன்றுதான். இது கொரோனா போலக் காற்றில் பரவுமா? எனக்குச் சின்ன வயதில் சின்னம்மை வந்து போயிருக்கிறது, அந்த எதிர்ப்புச் சக்தி உதவுமா? நாளைக்கே ஒரு டெஸ்ட் எடுத்துவிட்டால் நிம்மதியாகுமா? வேலைக்குப் போகலாமா? வீட்டில் ஒரு பூனையும் இருக்கிறது. இணையத்தில் தேடினால் ஒருவர் உயிர்க்கொல்லி என்கிறார், இன்னொருவர் சும்மா தோல் வியாதி என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பணி:

தொற்றுநோய் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். உன்னை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மனத்தில் வைத்துக்கொள், உன் டாக்டரும் சுகாதாரத் துறையும் சொல்வதுதான் முதல்.

சின்னம்மைக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். உதவாது. சின்னம்மையை உண்டாக்குவது ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ், அக்கியும் அதே வைரஸால் வருவதுதான். குரங்கம்மை வைரஸ் பெரியம்மையின் உறவு, ஆர்த்தோபாக்ஸ் என்ற வகை. பார்க்க இரண்டும் கொப்புளம் என்பதைத் தவிர இவற்றுக்குள் ஒட்டுமில்லை உறவுமில்லை. பெரியம்மைக்கு அந்தக் காலத்தில் குத்திய தடுப்பூசி ஓரளவு காப்பாற்றும், ஆனால் பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று 1980-இல் அறிவித்த பிறகு உலகம் முழுக்கவே அந்த ஊசியை நிறுத்திவிட்டார்கள், நீ அதற்குப் பிறகு பிறந்தவனாகத்தான் இருப்பாய்.

அடுத்தது காற்று. நீ பயப்படுகிற மாதிரி இல்லை, ஆனால் பயப்பட வேண்டிய இடம் வேறு. இந்த நோயில் வைரஸ் மிக அதிகமாகக் குடியிருப்பது அந்தக் கொப்புளங்களிலும், அதில் இருந்து வழிகிற நீரிலும், காய்ந்து உதிர்கிற பொருக்கிலும்தான். அதனால் தோலோடு தோல் உரசுவது, உடலுறவு, முத்தம், அவன் படுத்த விரிப்பு, துவட்டிய துண்டு, போட்டுக் கழற்றிய துணி, இவைதான் முக்கிய வழிகள். வாயிலும் தொண்டையிலும் புண் இருந்தால் எச்சிலிலும் வைரஸ் இருக்கும், அதனால் முகத்துக்கு முகம் நெருங்கி ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தாலும் தொற்ற வாய்ப்புண்டு. ஆனால் கொரோனா மாதிரி ஓர் அறையில் ஒருவர் இருமிவிட்டுப் போனால் மறு மூலையில் இருப்பவருக்கு வந்துவிடும் என்பது இதன் வழக்கமான பரவல் முறை இல்லை. பலபேர் இதை மாற்றிப் பிடித்துக்கொள்கிறார்கள், இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு அதே துண்டில் முகம் துடைப்பார்கள்.

நீ நெற்றியைத் தொட்டாய், துண்டைப் பகிர்ந்தாய், ஒரே வீடு. ஆகவே நீ நெருங்கிய தொடர்பு என்ற கணக்கில்தான் வருவாய். வந்தே தீரும் என்று அர்த்தமில்லை, கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்று அர்த்தம். வைரஸ் உள்ளே போனால் அறிகுறி தெரிய 3 நாள் முதல் 21 நாள் வரை ஆகலாம், அதனால் அவனோடு உனக்குக் கடைசியாக நெருக்கம் இருந்த நாளில் இருந்து 21 நாள் எண்ண வேண்டும். ரிப்போர்ட் வந்த நாளில் இருந்து எண்ணுபவர்கள் உண்டு, அது தப்புக் கணக்கு. நாளை மறுபடி அவன் துணியை வெறுங்கையால் அள்ளினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றில் இருந்து.

டெஸ்ட் இப்போது எடுத்துப் பயனில்லை. கொப்புளத்தின் மேல்தோலையோ அதன் நீரையோ குச்சியில் எடுத்து பிசிஆர் செய்வதுதான் சரியான பரிசோதனை. கொப்புளமே இல்லாதவனிடம் எதை எடுப்பது? இரத்தத்தில் இந்த வைரஸ் கொஞ்ச நாள்தான் தங்கும், அதில் நெகட்டிவ் வந்தாலும் அதை நம்பி உட்கார முடியாது. காலையும் மாலையும் உடல் வெப்பம் பார், குளிக்கும்போது உடம்பு முழுக்க, வாய்க்குள், உள்ளங்கை, உள்ளங்கால், பிறப்புறுப்பு, ஆசனவாய் எல்லாம் பார். கழுத்திலோ அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டுகிறதா என்று தடவிப் பார். ஒரே ஒரு பரு மாதிரி வந்தாலும் தனியாக இருந்துகொண்டு டாக்டருக்குப் போன் போட்டுவிட்டுப் போ, நேராகப் போய்க் கூட்டத்தில் உட்காராதே.

அறிகுறி எதுவும் இல்லாதவரை வேலைக்குப் போகலாம் என்பதுதான் பொதுவான வழிகாட்டல். ஆனால் சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களோடு வேலை என்றால் முதலில் சுகாதாரத் துறையிடம் கேட்டுக்கொள். இந்த 21 நாள் உடலுறவும் வேண்டாம், இரத்த தானமும் வேண்டாம். அறிகுறி வருவதற்கு ஓரிரு நாள் முன்பே சிலரிடம் இருந்து பரவியிருக்கிறது, அதற்காகத்தான்.

முக்கியமானதைக் கடைசியில் சொல்கிறேன்: தடுப்பூசி. நோயாளியோடு தொடர்பு ஏற்பட்ட பிறகு போட்டாலும் பலன் உண்டு. 4 நாளைக்குள் போட்டால் நோயையே தடுக்க வாய்ப்பு அதிகம், அறிகுறி இல்லாதவரை 14 நாள் வரைகூடப் போடுவார்கள். கிடைக்குமா என்று இன்றைக்கே கேள், நாளைக்கு என்று தள்ளாதே.

நேர்ப்பேச்சு:

இவ்வளவு பெரிய கதை எதற்கு? இது ஆண்களோடு உறவு வைத்துக்கொள்ளும் ஆண்களுக்கு வருகிற வியாதி, 2022-லேயே எல்லாச் செய்தியிலும் வந்துவிட்டது. உங்களுக்குள் அப்படி ஒன்றும் இல்லையென்றால் நிம்மதியாகத் தூங்குங்கள். உங்கள் நண்பருக்கு எப்படி வந்தது என்று விசாரித்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

நுண்ணோக்கி:

நேர்ப்பேச்சு, இப்படிச் சொல்லித்தான் நிறையப் பேர் கொப்புளத்தை மறைத்துக்கொண்டு டாக்டரிடமே போகாமல் இருந்தார்கள். சாளரம், அவனை விசாரிக்கிற வேலையை நீங்கள் செய்ய வேண்டாம். யார் யாரோடு தொடர்பு என்று கேட்பதற்குச் சுகாதாரத் துறையில் ஆள் இருக்கிறார்கள். வீட்டில் ஒருவர் குறுக்குக் கேள்வி கேட்க ஆரம்பித்தால் அவன் அவர்களிடமும் வாயைத் திறக்க மாட்டான்.

நான் வைரஸியல் படிக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுவேன், பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம். 2022 பரவலில் பெரும்பாலான நோயாளிகள் அப்படிப்பட்ட ஆண்கள்தான், அது உண்மை, அதை மறைப்பதும் அவர்களுக்குச் செய்யும் துரோகம், ஏனென்றால் தடுப்பூசியும் தகவலும் முதலில் போய்ச் சேர வேண்டியது அவர்களுக்கு. ஆனால் அது அந்த வைரஸ் நுழைந்த உறவு வலையின் கதை, யாருடைய உடம்பின் இயல்பும் இல்லை. இதே வைரஸ் காங்கோ ஜனநாயகக் குடியரசில் பல வருடங்களாகக் குழந்தைகளைத்தான் அதிகம் தாக்கிவந்தது. மனிதரில் முதன்முதலாகக் கண்டுபிடித்ததே 1970-இல், அந்த நாட்டில், 9 மாதக் குழந்தையிடம். 2023 கடைசியில் அதே நாட்டின் கிழக்கே, தெற்கு கிவு மாகாணத்தில் கமிடூகா என்ற சுரங்க ஊரில் ஒரு புது உட்கிளை தெரியவந்தது, ஒன்று-பி என்று பெயர் வைத்தார்கள். அங்கே ஆண் பெண் உறவின் வழியாகவும், பிறகு வீடுகளுக்குள் சாதாரண நெருக்கத்தின் வழியாகவும் அது பரவி, அண்டை நாடுகளுக்கும் போனது. உலக சுகாதார நிறுவனம் 2024 ஆகஸ்ட் 14-ஆம் தேதி இரண்டாவது முறையாகச் சர்வதேசப் பொது சுகாதார அவசரநிலை அறிவித்தது அதனால்தான். முதல் அறிவிப்பு 2022 ஜூலையில். இரண்டுமே பிறகு விலக்கிக்கொள்ளப்பட்டன, ஆனால் வைரஸ் எங்கேயும் போய்விடவில்லை.

வைரஸில் இரண்டு பெரிய கிளைகள். முதல் கிளை (மேலே சொன்ன ஒன்று-பி இதன் உட்கிளை) மத்திய ஆப்பிரிக்காவில் இருந்தது, அதில் இறப்பு விகிதம் முன்பெல்லாம் 10 சதவீதம் வரை பதிவானது, சமீப காலத்தில் அவ்வளவு இல்லை. இரண்டாம் கிளை மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, 2022-இல் உலகம் சுற்றியது அதன் ஒரு பிரிவு, அதில் இறப்பு மிகக் குறைவு. உயிர்க்கொல்லி, சும்மா தோல் வியாதி என்று நீங்கள் படித்த இரண்டும் எந்தக் கிளை, யாருடைய உடம்பு என்று சொல்லாமல் விட்ட பாதி உண்மைகள். சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், கட்டுப்படுத்தப்படாத எச்ஐவி இருப்பவர்கள், இவர்களுக்கு எந்தக் கிளையானாலும் ஆபத்துதான்.

பாவம் குரங்கு. 1958-இல் கோபன்ஹேகனில் ஆய்வுக்கு வைத்திருந்த குரங்குகளிடம் முதலில் பார்த்ததால் பழி அதன் மேல் விழுந்தது, மற்றபடி காட்டில் இந்த வைரஸை வைத்திருப்பவை பெரும்பாலும் சிறு கொறிவிலங்குகள், சில வகை அணில்களும் எலிகளும், என்றுதான் சந்தேகம். 2003-இல் அமெரிக்காவில் வந்தபோது கானாவில் இருந்து செல்லப்பிராணி வியாபாரத்துக்காக இறக்குமதியான கொறிவிலங்குகளிடம் இருந்து, அதே இடத்தில் அடைத்து வைத்திருந்த பிரெய்ரி நாய்களுக்குத் தொற்றி, அவற்றை வாங்கிய மனிதர்களுக்கு வந்தது. பிரெய்ரி நாய் என்றால் நாய் இல்லை, அதுவும் அணில் ஜாதிதான்.

இன்னொன்று. பாடப்புத்தகத்தில் முதலில் காய்ச்சல், பிறகு முகத்தில் தொடங்கி எல்லாக் கொப்புளமும் ஒரே கட்டத்தில் வளரும் என்று இருக்கும். 2022-க்குப் பிறகு பார்த்தது அப்படியில்லை. காய்ச்சலே இல்லாமல் பிறப்புறுப்பில் ஒரே ஒரு புண்ணோடு நின்றுவிட்டவர்கள் உண்டு, புதுசும் பழசும் கலந்து வந்தவர்களும் உண்டு. ஆகவே படத்தோடு ஒப்பிட்டு இது அதுவல்ல என்று நீங்களே தீர்ப்பு எழுத வேண்டாம்.

பொருக்கு உதிர்ந்தவன்:

எனக்கு வந்து போனது, அதனால் உங்கள் நண்பர் பக்கம் இருந்து கொஞ்சம் சொல்கிறேன். கொப்புளம் அரிக்கும் என்று எதிர்பார்த்தேன், ஆனால் முதலில் வலிதான். கெட்டியாக, ஆழத்தில் இருந்து எழும்பின மாதிரி, நடுவில் தொப்புள் போலக் குழிந்து இருக்கும். அரிப்பு பொருக்குக் கட்டும்போது வந்தது. ஆசனவாய்க்குள் புண் வந்தவர்களுக்கு மலம் கழிப்பதே நரகம், தொண்டையில் வந்தவர்களுக்குத் தண்ணீர் விழுங்குவது. உங்கள் நண்பர் வெட்கப்பட்டுக்கொண்டு அதைச் சொல்லாமல் இருக்கலாம், வலிக்கு மருந்து கேட்கச் சொல்லுங்கள், மலத்தை இளக்குகிற மருந்தும் தருவார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் இதமாக இருக்கும்.

கிள்ளவோ உடைக்கவோ கூடாது, அந்த இடத்தில் ஷேவ் செய்யக் கூடாது. செய்தால் பாக்டீரியாவும் சேர்ந்துகொள்ளும், வைரஸ் பக்கத்துத் தோலுக்கும் போகும். புண்ணைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்க்கக் கூடாது, இதை என் டாக்டர் சலிக்கச் சலிக்கச் சொன்னார். கண்ணுக்குள் போனால் பார்வையே பாதிக்கலாம், கண் சிவந்தாலோ வலித்தாலோ மங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. காண்டாக்ட் லென்ஸ் போடுபவர் என்றால் கண்ணாடிக்கு மாறிவிடட்டும்.

அப்புறம், தனியாக அடைந்து கிடப்பது உடம்பு வலியைவிட மோசம். கதவுக்கு வெளியே சாப்பாட்டை வைத்துவிட்டு ஓடுபவர்கள் நடுவில் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று இரண்டு வார்த்தை பேசுகிறவர்தான் மனிதர். பேசலாம், அதனால் ஒன்றும் ஆகாது.

சாளரம்:

எல்லோருக்கும் நன்றி, முக்கியமாக இரவுப்பணி அக்காவுக்கு. சுகாதாரத் துறையில் இருந்து போன் வந்தது, தடுப்பூசிக்கு நாளைக்குக் காலையில் வரச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது வேறு பிரச்சினை. அவனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, தெம்பாக இருக்கிறேன், கொப்புளமும் காய ஆரம்பித்துவிட்டது, இனி வெளியே வரலாம்தானே என்கிறான். இதற்கு மருந்து ஏதோ இருக்கிறதாம், அதை வாங்கினால் இன்னும் சீக்கிரம் முடியுமா என்றும் கேட்கிறான். பூனையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சோபாவையும் துணியையும் என்ன செய்வது?

இரவுப்பணி:

வரக் கூடாது தம்பி. காய்ச்சல் விடுவது அவனுடைய சௌகரியம், அதற்கும் பரவுவதற்கும் சம்பந்தமில்லை. ஒவ்வொரு பொருக்கும் தானாக உதிர்ந்து அந்த இடத்தில் புதுத்தோல் மூடுகிறவரை அவனிடம் இருந்து தொற்றும். பொதுவாக 2 முதல் 4 வாரம். வாய்க்குள்ளும் ஆசனவாய்க்குள்ளும் இருப்பதையும் சேர்த்துத்தான் எல்லாம் ஆறிவிட்டது என்று சொல்ல முடியும், அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். அதற்குப் பிறகும் முன்னெச்சரிக்கையாக 12 வாரம் ஆணுறை பயன்படுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இதை அவனிடம் நீயே சொல்வது கூச்சமாக இருந்தால் இந்தப் பதிவைக் காட்டு.

மருந்து என்று அவன் கேள்விப்பட்டது டெகோவிரிமாட் ஆக இருக்கும். பெரியம்மைக்காக உருவாக்கியது. காங்கோவில் 597 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2024 ஆகஸ்டில் வந்தது, கொப்புளம் சீக்கிரம் ஆறுவதில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுத்த மருந்தில்லாத வெறும் மாத்திரைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. வேறு நாடுகளில் இரண்டாம் கிளைக்கு நடந்த ஆய்வும் அதையேதான் சொன்னது. ஆனால் காங்கோ ஆய்வில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு: மருந்து பெற்றவர்கள், பெறாதவர்கள் இரண்டு பக்கமுமே இறப்பு 1.7 சதவீதம்தான், அந்த நாட்டின் வழக்கமான விகிதத்தைவிட நன்றாகக் குறைவு. எல்லோரையும் ஆஸ்பத்திரியில் வைத்து, சாப்பாடு, நீர்ச்சத்து, வலி நிவாரணம், கூடச் சேரும் தொற்றுகளுக்கு மருந்து என்று ஒழுங்காகக் கவனித்திருக்கிறார்கள். நர்ஸ் என்பதால் இதைச் சொல்லும்போது கொஞ்சம் கர்வம் வருகிறது, விட்டுவிடு. ஆகவே உன் நண்பனுக்கு வேண்டியது வலி மாத்திரையும் தண்ணீரும் ஓய்வும் பொறுமையும். கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து சூடாகிப் பரவினாலோ, மூச்சு வாங்கினாலோ, மயக்கமாகப் பேசினாலோ மட்டும் உடனே கூட்டிப் போ.

குளியலறையை அவன் பயன்படுத்திய பிறகு, தொட்ட இடமெல்லாம் அவனே கிருமிநாசினி போட்டுத் துடைத்துவிட்டு வரட்டும், கொப்புளங்களைத் துணியால் மூடிக்கொண்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு. இந்த வைரஸுக்கு மேலே கொழுப்பு உறை உண்டு, சாதாரணக் கிருமிநாசினிக்கே செத்துவிடும். தொந்தரவு என்னவென்றால், துடைக்காமல் விட்டால் ரொம்ப நாள் இருக்கும். நோயாளி காலி செய்துவிட்டுப் போன வீட்டில் 15 நாள் கழித்தும் உயிருள்ள வைரஸைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். வழவழப்பான பரப்பைவிடத் துணி, மெத்தை மாதிரி இடங்களில் அதிக நாள் தங்கும்.

துணியை அவன் உதறக் கூடாது, நீயும் உதறக் கூடாது, பொருக்குத் தூள் பறக்கும். அவனே சுருட்டிப் பையில் போட்டு மிஷினில் போடட்டும், சோப்புத்தூளும் சுடுதண்ணீரும் போதும். வேறு வழியில்லாமல் நீ எடுக்க வேண்டி வந்தால் கையுறை, மாஸ்க், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவு. துடைப்பத்தால் பெருக்காதே, ஈரத்துணியால் துடை.

நுண்ணோக்கி:

பூனைக்கு நான் சொல்கிறேன். பாலூட்டிகளுக்கு இந்த வைரஸ் தொற்றலாம், எந்தெந்த விலங்குக்கு எவ்வளவு சுலபம் என்பது விலங்குக்கு விலங்கு மாறும். அதனால் அவன் அறைக்குள் பூனையை விடாதீர்கள், அவன் போர்வையில் படுக்க விடாதீர்கள், சாப்பாடு வைப்பது, கழிவு மண் மாற்றுவது எல்லாம் நீங்கள். ஏற்கெனவே அவன் மடியில் படுத்திருந்தது என்றால் வேறு வீட்டுக்கு அனுப்பாமல் உங்கள் அறையிலேயே 21 நாள் வைத்துக் கவனியுங்கள், சோர்வோ கொப்புளமோ தெரிந்தால் கால்நடை மருத்துவருக்குப் போன். கிருமிநாசினியால் அதைத் துடைத்துத் தொலைக்காதீர்கள், நக்கிக்கொள்ளும்.

நேர்ப்பேச்சு:

சரி, குழந்தைகள் விஷயம் எனக்குத் தெரியாது. தடுப்பூசி போட்டவுடன் இவர் 21 நாள் எண்ண வேண்டியதில்லைதானே?

இரவுப்பணி:

எண்ணத்தான் வேண்டும். ஊசி வேலை செய்ய நாளாகும், முழுப் பாதுகாப்புக்கு 4 வாரம் கழித்து இரண்டாவது ஊசியும் வேண்டும், அதற்குள் வைரஸ் முந்திக்கொண்டிருக்கலாம். ஊசிக்குப் பிறகு வந்தாலும் பெரும்பாலும் லேசாக வந்து போகும், அது உண்மை.

சாளரம், சோபாவைக் கேட்டிருந்தாய். தூக்கி எறிய வேண்டாம். துவைக்கிற மாதிரி உறை இருந்தால் கழற்றித் துவை, இல்லையென்றால் நீராவியால் சுத்தம் செய்கிற ஆளை வரச்சொல், வருகிறவரிடம் காரணத்தைச் சொல்லிவிடு. அவன் முழுக்க ஆறி வெளியே வந்த பிறகு செய்தால் ஒரே தடவையோடு முடியும். அதுவரை மேலே ஒரு பெரிய விரிப்பைப் போட்டுவிட்டு நீ நாற்காலியில் உட்கார்.